மகள் தலையில் வீக்கம், என் வாய்க்குக் காப்பு

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். பாதி சோம்பேறித்தனம், பாதி பயம். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன் நான். கடைசியாகத் தமிழில் முழுசாக எழுதியது ஒரு லீவு கடிதம். அதையும் அப்பா எழுதியது போல எழுதி, அப்பா பெயரையே தப்பாகப் போட்டு மாட்டிக்கொண்டேன். ஆனால் நம் கோயில் வெள்ளிக்கிழமைக் குழுவின் மாத இதழைப் பார்த்துக்கொள்ளும் பிரகாஷ் விடுவதாக இல்லை. "முருகன் உனக்குச் செஞ்சத நீ மட்டும் வச்சிக்கிட்டா அது திருட்டு மச்சான்" என்று மூன்று நாள் விடாமல் மெசேஜ் அனுப்பினான். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீஸில் கிளார்க் வேலை அவனுக்கு. எதைச் சொன்னாலும் குற்றமாகத்தான் சொல்வான். பூஜை முடிந்ததும் யாராவது ஒருவர் இந்தப் பக்கத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவார்களாம். அதனால் எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லையாம்.

சரி, எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு வார்த்தைகூட விளையாட்டில்லை. நான் இப்படிச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்புதான் அன்றைக்கு என் மகளைக் கொல்லப் பார்த்தது.

என் பெயர் சர்வின். கிள்ளானில் ஒரு டயர் கடையில் வேலை. டயர் கழற்றுவது என் தொழில், ஆட்களைக் கலாய்ப்பது என் பிறவிக் குணம். கடை முதலாளி தவுக்கேயிலிருந்து டயருக்குக் காற்றடிக்க வரும் போலீஸ்காரர் வரைக்கும் நான் விட்டதில்லை. பிரகாஷின் நிச்சயதார்த்த நாளன்று, பெண் வீட்டார் வேறு மண்டபத்துக்கு மாறிவிட்டார்கள் என்று போன் போட்டு அவனைச் செராஸ் வரைக்கும் ஓட்டியது நான்தான். அவன் பட்டு வேட்டியோடு அங்கே போய் ஒரு சீன வீட்டுக் கல்யாணத்தில் நின்றான்.

அதிகமாக மாட்டியது என் அத்தை, அதாவது மாமியார். கல்யாணம் முடிந்த மறுநாள் அவர் ரசம் வைத்தார். இந்த ரசத்தில் ஒரு போத்தல் கொடுங்கள், கடையில் சக்கர நட்டெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது, ஊற்றினால் கழன்றுவிடும் என்றேன். அதிலிருந்து மூன்று வருஷம், அந்த வீட்டில் ரசம் வைத்தால் துருவைப் பற்றி ஒரு வார்த்தை வராமல் இருந்ததில்லை. அத்தை கார் ஓட்டுவது இன்னொரு கதை. பச்சை விளக்கு எரிந்தாலும் அது நிஜமாகவே பச்சைதானா என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்.

இப்போது கஷ்டத்துக்கு வருகிறேன்.

என் மனைவி ரூபிணிக்குத் தலைப்பிரசவம். ஒரு திங்கட்கிழமை காலை மருத்துவமனையில் சேர்த்தோம். எந்த மருத்துவமனை என்று எழுத மாட்டேன், பிரகாஷ் எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறான். செவ்வாய் காலை பத்து மணி ஆகியும் பிள்ளை வரவில்லை. என்னைப் பக்கத்தில் நிற்க விட்டார்கள். நான் சும்மா நிற்காமல், உங்கள் அம்மா கார் ஓட்டுகிற மாதிரியே வருகிறது பார் பிள்ளை என்று அவள் காதில் சொன்னேன். அவள் என் சுண்டு விரலைப் பிடித்து முறுக்கியதில் அதை ஒரு வாரம் நீட்ட முடியவில்லை. பிரசவ அறையில் முதலில் அடிபட்டது நான்தான்.

அதற்கப்புறம் சிரிப்பு போய்விட்டது. பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்குகிறது என்றார்கள். வெக்கியூம் வைத்து எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். சின்னக் கிண்ணம் மாதிரி ஒன்று, அதில் ஒரு குழாய். அதைப் பிள்ளையின் தலையில் பதித்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி ஒட்டவைத்து, அம்மா முக்கும்போது இழுப்பார்கள். முதல் தடவை இழுத்தார். கிண்ணம் 'டப்' என்று கழன்று வந்தது. மறுபடி வைத்தார். மறுபடி 'டப்'. ரூபிணி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். பெரிய டாக்டர் ஓடி வந்தார். மூன்றாவது தடவை பிள்ளை வந்துவிட்டாள். அழுதாள். பெண் குழந்தை.

என் கையில் கொடுத்தபோது உச்சந்தலையில் ஒரு வீக்கம் இருந்தது. கோழி முட்டை அளவு. தொட்டுப் பார்த்தேன், சட்டென்று கையை எடுத்துவிட்டேன். ஏனென்றால் வீக்கம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். டயரின் பக்கவாட்டில் வீக்கம் வந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு ஒட்டுப் போட முடியாது, ரிப்பேர் கிடையாது. எத்தனை பேர் கெஞ்சியிருக்கிறார்கள், இன்னும் ஒரு மாதம் ஓடாதா அண்ணே என்று. ஓடாது, தூக்கிப் போடுங்கள் என்று நான் ஈஸியாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு யார் அப்படிச் சொல்லப்போகிறார்கள் என்று நின்றேன்.

பக்கத்தில் இருந்த தாதியை, மிஸி என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம், கேட்டேன். வெக்கியூம் வைத்தால் இது வழக்கம்தான், இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. எதைப் பார்த்தால் பயப்பட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இதை நினைவில் வையுங்கள், பிறகு வரும்.

மத்தியானம் நடந்தே நம் கோயிலுக்கு வந்தேன். முருகன் முன்னால் நின்றேன். வேண்டிக்கொள்ள வேண்டும், எதைக் கொடுப்பது என்று தெரியவில்லை. எனக்குக் குடி கிடையாது. கவுச்சியை விடுகிறேன் என்று சொல்லலாம், ஆனால் அத்தை வீட்டுக் கோழிக்குழம்பை விடுவது தியாகம் இல்லை, விடுதலை. யோசித்துப் பார்த்ததில், என்னிடம் விட முடியாதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதையே கொடுத்தேன். குருக்களிடம் போய் காப்புக் கட்டிவிடச் சொன்னேன்.

"என்ன வெரதம்பா, கவுச்சிய விடுறியா?"

"கிண்டல விடுறேன் சாமி. நாப்பத்தெட்டு நாள். யாரையும் ஒரு வார்த்த கலாய்க்க மாட்டேன்."

குருக்கள் மஞ்சள் கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உச்சி பூஜ நேரத்துல என்கிட்டயேவா ஆரம்பிக்கிற?" என்றார்.

சத்தியம் பண்ணினேன். அப்புறமும் அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைப் பார்த்துக் கட்டிவிட்டார். என் மகள் தலை நல்லாக வேண்டும் முருகா, அவ்வளவுதான் கேட்டேன்.

புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மஞ்சள் காமாலை பார்க்க வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார்கள். தலைப்பிரசவம் என்பதால் அத்தை வீட்டுக்குத்தான் போனோம். அந்த ஒரு நாள் நான் பட்ட பாட்டை எழுத முடியாது. அத்தை கார் நிறுத்த நான்கு தடவை முன்னே போய்ப் பின்னே வந்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். பத்தியத்துக்கு வைத்த மிளகு ரசத்தை வியாழன் காலை எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். குடித்தேன். நல்லாருக்கு அத்தை என்றேன். இன்னும் ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். தொண்டை எரிந்தது, ஆனால் நாற்பத்தெட்டில் மூன்றாவது நாள் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டேன்.

பத்து மணிக்குப் பாக்கியம் அக்கா வந்தார். பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதில் அந்தத் தாமான் குடியிருப்பில் அவர்தான் பெரிய ஆள். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை முழங்காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, கை கால் எல்லாம் நீவி, தலையை உருண்டையாகப் பிடித்துவிடுவார். நம் ஆட்களுக்குத் தெரியும், தலையைப் பிடித்துவிடாத பிள்ளை நம் வீடுகளில் கிடையாது. ரூபிணி தலையையும் அவர்தான் பிடித்தாராம். அன்றைக்கும் தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி வீக்கத்தின் மேல் வைத்தார். "என்னாம்மா இது, ஒரு பக்கம் மேடா இருக்கு. நாலு நாள் புடிச்சா பந்து மாதிரி ஆயிரும்" என்று அமுக்கினார்.

பிள்ளை அழவில்லை.

அதுதான் எனக்கு முதலில் உறைத்தது. முந்தின நாள் சட்டை மாட்டினாலே வீட்டைத் தூக்கினவள். இப்போது தலையை அமுக்கியும் கண்ணைத் திறக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. உச்சந்தலையில் முட்டை மாதிரி இருந்த வீக்கம் அங்கே இல்லை. பின்கழுத்துப் பக்கம் இறங்கியிருந்தது. வலது காது முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. விரல் வைத்தால் தண்ணீர்ப் பை மாதிரி தளதளவென்று ஆடியது. டயர் வீக்கம்கூட வந்த இடத்தில்தான் நிற்கும். இடம் மாறுகிற வீக்கத்தை நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, கைய எடுங்க. வீக்கம் காதுக்குப் பின்னால எறங்கியிருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன்.

பாக்கியம் அக்கா சிரித்தார். "தம்பி ஆரம்பிச்சிருச்சு" என்றார். ரூபிணி படுக்கையிலிருந்து, இன்றைக்காவது சும்மா இரு என்று கெஞ்சினாள். நான் மறுபடி சொன்னேன். எவ்வளவு சீரியஸாகச் சொன்னேனோ அவ்வளவு சிரித்தார் அக்கா. அவர்மேல் தப்பில்லை. ரூபிணியின் வளைகாப்பு அன்று, உங்கள் முதுகில் பல்லி என்று இதே முகத்தை வைத்துக்கொண்டுதான் அவரிடம் சொன்னேன்.

என்னிடம் மோட்டார் சைக்கிள் மட்டும்தான் இருந்தது. கைப்பிள்ளையை அதில் கொண்டுபோக முடியாது. அத்தை கார் வாசலில்தான் நின்றது, ஆனால் அவரும் சிரிக்கத்தான் போகிறார் என்று பிரகாஷைக் கூப்பிட்டேன். பிள்ளைக்குத் தலையில் என்னவோ ஆகிறது, காரைக் கொண்டு வா என்றேன். "செராஸுக்கா மச்சான்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

உறவுகளே, அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இருபத்தாறு வருஷம் நான் பேசிய பேச்சு எல்லாம் சேர்ந்து என் வாயில் மண்ணைப் போட்டுவிட்டது. உண்மையைச் சொல்ல எனக்கு வேறு குரலே இல்லை. சமையலறைப் பக்கம் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன். முருகா, வீக்கத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஒரே ஒரு ஆள் என்னை நம்பட்டும் என்றேன். இதுதான் என் பிரார்த்தனை. இதைவிட நீளமாக எனக்கு வரவில்லை.

திரும்பினால் அத்தை நிற்கிறார். கையில் கரண்டி. என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"மாப்ளே, காலையில ரசம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு அத்தை."

அத்தை கரண்டியை அப்படியே கீழே வைத்தார். முன்னறைக்குப் போனார். "பாக்கியம், பிள்ளையக் குடு. இவரு வெளையாடல. மூணு வருசத்துல என் ரசத்த இந்த மனுசன் நல்லாருக்குன்னு சொன்னதே கெடையாது. இன்னிக்கு ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சாரு" என்றார். என் பக்கம் திரும்பி, "கார் சாவி சாமி படத்துக்குக் கீழ இருக்கு, எடுங்க" என்றார்.

இதுதான் நான் பெற்ற வரம். வானத்திலிருந்து ஒளி வரவில்லை, மயில் வரவில்லை. ரசக் கரண்டியோடு என் மாமியார் வந்தார். நான் இரண்டு நாளாக வாயைக் கட்டியதுதான் அன்றைக்குச் சாட்சி சொன்னது. காப்புக் கட்டாமல் வழக்கம்போல அன்று காலையும் துருவைப் பற்றிப் பேசியிருந்தால், அந்தக் கரண்டி கீழே வந்திருக்காது.

அத்தை ஓட்டினார். வயிற்றுக்கட்டும் தலைத்துணியுமாக ரூபிணி பின்னால், மடியில் பிள்ளை, பக்கத்தில் நான். கிள்ளான் பாலத்தில் வழக்கம்போல நெரிசல். அத்தை காரின் முன்னால் ஒட்டியிருக்கும் முருகனை ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டார். அதற்குப் பிறகு அவர் ஓட்டியது கார் இல்லை. சிவப்பு விளக்கு எத்தனை என்று எனக்குத் தெரியாது, ஒரு லோரிக்காரர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வாயில் பத்து வாசகம் வந்தது. அத்தனையையும் விழுங்கினேன்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் பிள்ளையின் தலையில் விரல் வைத்தார். ஒரு டேப்பை எடுத்துத் தலையைச் சுற்றி அளந்தார். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்டர்கள் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓடுவதைப் பார்த்தது அன்றுதான். ரூபிணி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு விளக்கிச் சொன்னார்கள். கிண்ணம் வைத்து இழுத்ததில் தலைத்தோலுக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவே ரத்தக்குழாய் அறுந்து உள்ளுக்குள்ளேயே கசிந்திருக்கிறது. அந்த இடத்தில் ரத்தத்தைத் தடுக்க ஒன்றுமே இல்லையாம், பிள்ளையின் உடம்பில் இருக்கும் ரத்தத்தில் பெரும்பங்கு அங்கேயே போய்த் தேங்கிவிடக் கூடுமாம். ரத்தம் ஏற்றினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குள் ஒன்றும் இல்லை என்று அவர்கள் சொல்லும்வரை நாங்கள் மூன்று பேரும் ஒரு பெஞ்சில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் வரை விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். யார் கவனித்தது என்று கேட்டார். அத்தை என்னைக் காட்டினார். நீங்கள் மருத்துவத் துறையா என்று கேட்டார். டயர் கடை என்றேன். அந்த நேரத்தில் கேலி பேசுகிறேன் என்று நினைத்து என்னை ஒரு முறை முறைத்தார்.

அந்த பெஞ்சில்தான் அத்தை என் கையைப் பார்த்து, இது எதற்குக் கட்டிய காப்பு என்று கேட்டார். சொன்னேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறார்.

பிள்ளை ஒன்பது நாள் உள்ளே இருந்தாள். தேங்கிய ரத்தம் கரையும்போது மஞ்சள் காமாலை வரும் என்று நீல விளக்கின் கீழே கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். கடற்கரையில் வெயில் காய்கிற வெள்ளைக்காரி மாதிரியே இருந்தாள். எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். பிரகாஷ் இரண்டாம் நாள் ஓடி வந்தான். வார்டு வாசலில் நின்று என் முகத்தைப் பார்க்க முடியாமல் அழுதான். நான் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அவனுக்கு அதுவே பெரிய தண்டனையாகப் போய்விட்டது. பாவம், ஒரு தடவை திட்டிவிடு மச்சான் என்று கெஞ்சினான்.

பிள்ளை வீட்டுக்கு வந்தாள். பயம் போனது, கோபம் வந்தது. இரண்டு தடவை கழன்ற கிண்ணத்தை மூன்றாவது தடவை ஏன் வைத்தார்கள்? வீட்டுக்கு அனுப்பும்போது ஏன் ஒன்றுமே சொல்லவில்லை? கேஸ் போட வேண்டும் என்று குதித்தேன். பிரகாஷ் எங்களைத் தன் ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல் மாடி. அவனுடைய வக்கீல் ஒரு மேடம். நான் நினைத்தது போல மேஜையைத் தட்டவில்லை. ஒரு நோட்டை எடுத்துக் கேள்வி கேட்டார். எத்தனை தடவை இழுத்தார்கள், எவ்வளவு நேரம், யார் இழுத்தது, உங்களிடம் முன்னால் விளக்கினார்களா, வீட்டுக்குப் போகும்போது ஏதாவது தாள் கொடுத்தார்களா.

பிறகு சொன்னார். "பிள்ளைக்கு அடிபட்டிருச்சுங்கிறதுக்காக மட்டும் டாக்டர் தப்புன்னு கோர்ட் சொல்லாது. செய்ய வேண்டியத ஒழுங்கா செய்யல, அதனாலதான் இது ஆச்சுன்னு ரெண்டையும் காட்டணும். மொதல்ல மருத்துவ ரிப்போர்ட்டும் பிரசவக் குறிப்பும் எழுதிக் கேட்டு வாங்குவோம். வேற ஒரு ஸ்பெஷலிஸ்ட் அதப் படிக்கட்டும். ஆஸ்பத்திரில புகார் குடுத்து, ஒக்காந்து பேசி, விளக்கம் கேக்கலாம். சமாதானமா முடிச்சுக்கலாம். இல்ல கோர்ட்டுக்குப் போகலாம். எதுக்கும் காலக்கெடு இருக்கு. அரசாங்க ஆஸ்பத்திரின்னா இன்னும் கம்மி. பிள்ள ஸ்கூலுக்குப் போகட்டும், அப்புறம் பாக்கலாம்னு மட்டும் இருந்துடாதீங்க."

அவர் கழுத்தில் தொங்கிய கண்ணாடிச் சங்கிலி என் தவுக்கே நாயின் சங்கிலி மாதிரியே இருந்தது. சொல்லவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். வீட்டுக்குப் போன பிறகு யாராவது பிள்ளையின் தலையைப் பிடித்துவிட்டார்களா?

வரும் வழியிலேயே அத்தை சொல்லியிருந்தார், பாக்கியம் பேரை எடுக்க வேண்டாம் என்று. ரூபிணி என்னைப் பார்த்தாள். நான் பிரகாஷைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான். பொய் சொன்னால் நம் கேஸ் பலமாக இருக்கும் போலத் தோன்றியது. ஆனால் என்னை நம்ப ஒரு ஆள் கிடைக்க நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். ஆமாம் மேடம், வியாழன் காலை எண்ணெய் வைத்து அமுக்கினார்கள் என்றேன்.

அத்தை உடைந்துவிட்டார். "நான்தாம்மா கூப்பிட்டேன். பிள்ளைக்கு மூணாம் நாள் தல புடிக்கணும்னு நான்தான் பாக்கியத்துக்குப் போன் போட்டேன். என் பேத்திக்கு நானே எமனாப் போயிட்டேன்" என்று அழுதார். இரண்டு வாரமாக இதை உள்ளுக்குள் வைத்துக்கொண்டே சமைத்துப் போட்டிருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"மேடம், எழுதிக்குங்க" என்றேன். "எங்க அத்தைதான் என் பிள்ளையக் காப்பாத்துனாங்க. அவங்க நம்பலைன்னா இன்னிக்கு நாங்க இங்க வந்திருக்க மாட்டோம்."

அத்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் கயிறு அங்கேதான் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நம்பினார். மறுபடி அழ ஆரம்பித்தார், ஆனால் இது வேறு அழுகை.

மறைக்காமல் சொன்னது நல்லது, மறைத்திருந்தால் எதிர்த்தரப்பு எப்படியும் கண்டுபிடிக்கும் என்றார் மேடம். பிறகு மேடம் எழுதிக் கேட்டதும், மருத்துவமனையில் எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள். கசிவு இழுத்ததில் தொடங்கியதுதான், எண்ணெய் தேய்த்ததில் அல்ல என்று பெரிய டாக்டர் சொன்னார். அத்தை இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். ஆனால் பிறந்த பிள்ளையின் தலையை, அதுவும் வீங்கிய தலையை, யாரும் எப்போதும் அமுக்கவே கூடாது என்றும் சொன்னார். எதைக் கவனிக்க வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும்போது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அதற்கு வருந்துகிறோம் என்றார். மூன்றாவது தடவை இழுத்தது சரியா தப்பா என்பதில் அவர் சொன்ன பதில் மேடத்துக்குத் திருப்தியாக இல்லை. பேப்பர்கள் இப்போது இன்னொரு ஸ்பெஷலிஸ்ட் கையில் இருக்கின்றன. கேஸ் ஜெயித்த கதை என்று படித்துக்கொண்டு வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அது இன்னும் முடியவில்லை. பிள்ளை தலை நிமிர்கிறாளா, உட்கார்கிறாளா, நடக்கிறாளா என்று டாக்டர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இதுவரை எல்லாம் சரி.

நாற்பத்தெட்டாவது நாள் நம் கோயிலில் முடி இறக்கினோம். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். கத்தி ஓட ஓட நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடி போனதும் பார்த்தேன். ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. யாரும் பிடித்துவிடாமலே உருண்டையாக இருந்தது. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து, டுரியான் கடையில் பழம் பார்ப்பது போலக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். பாக்கியம் அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். வேல்விழி என்று பெயர் வைத்தோம்.

குருக்கள் என் காப்பை அவிழ்த்தார். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். நான் நேராக அத்தையிடம் போனேன்.

"அத்தை, கடையில நட்டெல்லாம் ரொம்ப துரு புடிச்சிப் போச்சு. ஒரு போத்தல் குடுங்களேன்."

அத்தை என் முதுகில் ஒன்று வைத்தார். "அப்பாடா, இப்பதான் மாப்ள வீட்டுக்கு வந்தாரு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

நான் மாறிவிட்டேனா என்று கேட்பீர்கள். கிண்டலை விடவில்லை, அதை முருகனே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. இப்போது நான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேசினால் வீட்டில் அத்தனை பேரும் செய்யும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பார்கள். அந்தக் கையைத் தொட்டுக்கொண்டு நான் இதுவரை ஒரு பொய் சொன்னதில்லை.

இதைக் கேட்கிறவர்கள் வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிறது என்றால், முருகனைக் கேளுங்கள். கேட்டது ஒன்று, வருவது ஒன்றாக இருக்கலாம். நான் வீக்கம் போக வேண்டும் என்று கேட்டேன், அவர் முதலில் என் வாயை வாங்கிக்கொண்டார். பிள்ளையின் தலை வீக்கம் இடம் மாறினால், பிள்ளை வெளுத்தால், பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால், குரூப்பில் 'எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்' என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். கிளம்புங்கள். போகிற வழியில் வேண்டிக்கொள்ளலாம். காருக்குள் சொன்னாலும் அவருக்குக் கேட்கிறது, எங்கள் அத்தை ஓட்டிய வேகத்திலேயே கேட்டது. பேப்பர்களைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மிச்சத்தை அவரிடம் விடுங்கள். நான் விட்டேன், என் மகள் இதோ பக்கத்தில் கிடந்து என் போனை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறாள்.

இதை முழுதும் எழுதிப் பிரகாஷுக்கு அனுப்பினேன். படித்தால் நம்புகிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது:

"நம்புறேன் மச்சான், ஆனா ரசத்தப் பத்தி எழுதுனத மட்டும் எடுத்துரு, வெள்ளிக்கிழம இத வாசிக்கப் போறது உங்க அத்தைதான் லா."